உத்தரவாத அட்டை யாருக்கு உத்தரவாதம்?

புது தில்லி: செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபதி ராய் சந்தையிலும், கரோல் பாகின் கஃபார் சந்தையிலும் பவர் பேங்க், சார்ஜர், புளூடூத் ஒலிபெருக்கி ஆகியவை குவியல் குவியலாக விற்பனையாகின்றன. "ஆறு மாத வாரண்டி" என்பது பெரும்பாலும் கடைக்காரரின் வாய்மொழி. ரசீது கேட்டால் விலை கூடும். பொருள் பழுதானால், கொண்டுவந்தவர் தாம் அங்கே வாங்கியதையே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இணையத்தில் வாங்குவோரின் நிலை சற்று மேல். ரசீது உண்டு, அட்டையும் உண்டு. ஆனால், அந்த அட்டையின் சிறிய எழுத்துகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. "ஈரம் புகுந்துள்ளது", "கீழே விழுந்துள்ளது" என்று நிறுவனத்தின் சேவை மையமே முடிவு செய்தால் உத்தரவாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. மாற்றிக் கொடுத்தாலும், வேறொருவர் திருப்பியளித்துப் பழுது நீக்கப்பட்ட பொருளே பல நேரங்களில் கிடைக்கிறது.

சில ஆயிரம் ரூபாய்ப் பொருள்தானே என்று இதை ஒதுக்கிவிட இயலாது. எளிய குடும்பத்தில் உள்ள ஒரே கைப்பேசிதான் வங்கியும், பிள்ளைகளின் பாடமும், ஆதார் சரிபார்ப்புக்கான கடவு எண் வந்து சேரும் இடமும். அது ஒரு மாதம் சேவை மையத்தில் கிடந்தால், அந்தக் குடும்பத்தின் பல வேலைகளும் நின்றுபோகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக, அப்போதைய அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் கொண்டுவந்த மசோதாவை 2019 ஜூலை 30-இல் மக்களவையும், ஆகஸ்ட் 6-இல் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2020 ஜூலை 20-இல் அது நடைமுறைக்கு வந்தது.

ரசீது தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தை அளிக்க மறுப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கைகள் என அச்சட்டம் வரையறுக்கிறது. ரசீதில் கால வரம்பு இல்லையெனில் 30 நாள்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். பொருளை மாற்றித் தருமாறு ஆணையம் உத்தரவிடும்போது, அது "புதிய" பொருளாக, குறைபாடற்றதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பழுது நீக்கிய பொருளைக் கொடுத்து அனுப்பும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்குகள் 3 மாதங்களிலும், சோதனை தேவைப்படுபவை 5 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. இணைய வணிக நிறுவனங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

தடை எங்கே?

ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. எனினும், மலிவு விலைப் பொருள் என்று வரும்போது மூன்று இடைவெளிகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, குறைபாட்டை நிரூபிக்கும் சுமை. பொருளைப் பார்த்த மாத்திரத்தில் குறை தெரியாவிட்டால், அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாள். அதற்கான கட்டணத்தை முன்னதாகச் செலுத்துமாறு புகார்தாரரையே ஆணையம் கேட்கலாம். 1,500 ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவும் செய்ய எவரும் துணிவதில்லை.

இரண்டாவது, ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள். இவற்றை "நியாயமற்ற ஒப்பந்தம்" என அறிவித்துச் செல்லாததாக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் வெளிப்படையாக வழங்கப்பட்டுள்ளது. மாவட்ட ஆணையத்துக்கு அவ்வாறு வழங்கப்படவில்லை. மலிவுப் பொருள் வழக்குகள் செல்லும் இடமோ மாவட்ட ஆணையம். அதாவது, அட்டையின் சிறிய எழுத்துகளால் அதிகம் பாதிக்கப்படுபவர், அவற்றை நீக்கும் அதிகாரம் குறைந்த இடத்துக்கே அனுப்பப்படுகிறார்.

மூன்றாவது, 2019 சட்டத்தின் புதுமையாகப் பேசப்பட்ட பொருள் பொறுப்பு அத்தியாயம். தயாரிப்பாளர் யாரெனத் தெரியாவிட்டாலோ, இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ விற்றவரே பொறுப்பு என அது கூறுகிறது. பெயரற்ற இறக்குமதிப் பொருள்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால், பொருளுக்கே ஏற்படும் சேதம் இதில் அடங்காது. பவர் பேங்க் வெடித்து உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு உண்டு. அது இயங்காமல் போனால் இந்த அத்தியாயம் உதவாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நிலையும் இதுவே. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்ற இணையத் தளங்களை, அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தை அளிக்குமாறு 2022-இல் அது உத்தரவிட்டது. ஆயினும், திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் ஆபத்தான, பாதுகாப்பற்ற பொருள்களுக்கே உரியது. ஒரே தொகுப்பில் வந்த பொருள்கள் வரிசையாகப் பழுதானாலும், அவை ஆபத்தானவையாக இல்லாத வரை இந்த அதிகாரம் உதவாது.

ஆகாஷ் தந்த பாடம்

குறைபாட்டை நிரூபிப்பது எத்துணைக் கடினம் என்பதை மத்திய அரசே அனுபவத்தில் அறியும். மாணவர்களுக்கான மலிவு விலைக் கையடக்கக் கணினி "ஆகாஷ்", 2011 அக்டோபர் 5-இல் அப்போதைய அமைச்சர் கபில் சிபலால் அறிமுகப்படுத்தப்பட்டது. மந்தமான வேகம், விரைவில் தீரும் மின்கலம் எனக் குறைகள் கிளம்பின. எந்த அளவுகோலில் அதைச் சோதிப்பது என்பதில் ராஜஸ்தான் ஐஐடிக்கும் வழங்கிய நிறுவனத்துக்கும் இடையே பிணக்கு மூண்டது. 2012-இல் திட்டமே மும்பை ஐஐடிக்கு மாற்றப்பட்டது. ஐஐடியைத் துணைக்கு வைத்திருந்த அரசுக்கே இந்த நிலை எனில், தனி மனிதர் என்ன செய்வார்?

அறிவுரையா, ஆணையா?

குறைந்தபட்ச உத்தரவாதக் காலம் இவ்வளவு என்று இந்தியச் சட்டம் எதுவும் பொதுவாக நிர்ணயிக்கவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தரம் குறித்த உட்கிடையான நிபந்தனைகளைக் கூறினாலும், அவற்றை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள அதே சட்டம் வழிவிடுகிறது. ஆகவே, அட்டையில் எழுதப்படும் காலம் நிறுவனத்தின் விருப்பமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 ஆண்டு உத்தரவாதம் சட்டப்படியான உரிமை. முதல் ஆண்டில் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென நிரூபிப்பது விற்றவரின் கடமை.

இங்கோ நுகர்வோர் விவகாரத் துறை பெரும்பாலும் கடிதங்களையும் குழுக்களையும் நம்புகிறது. வீட்டு உபயோகச் சாதனங்களுக்கு உத்தரவாதத்தை நிறுவிய நாளிலிருந்து கணக்கிடுமாறு 2023 இறுதியில் தொழில் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதியது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. கைப்பேசி முதலியவற்றுக்கான பழுதுநீக்கக் குறியீடு பற்றி பரத் கேரா குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், பிரித்துப் பழுது நீக்கவே இயலாத மலிவுப் பொருளை வாங்கியவருக்கு இவற்றால் பயன் குறைவு.

கட்டாய உத்தரவாதம் விலையை உயர்த்தும். ஏழைகளையே அது பாதிக்கும் என்பது தொழில் துறையின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பழுதின் செலவு இப்போதும் யாரோ ஒருவரால் ஏற்கப்படுகிறது. அதை வாங்குவோர் அனைவரும் சிறிது சிறிதாகப் பகிர்வதா, அல்லது பழுதான பொருள் கையில் சிக்கியவர் முழுவதும் சுமப்பதா என்பதே கேள்வி.

முதல் 6 மாதங்களுக்கேனும் நிரூபிக்கும் சுமையை விற்பவர் மீது வைப்பதும், மாவட்ட ஆணையங்களுக்கு ஒப்பந்த நிபந்தனைகளை நீக்கும் அதிகாரம் தருவதும் பெரும் செலவு பிடிக்கும் சீர்திருத்தங்கள் அல்ல. சட்டத்தில் சில வரித் திருத்தங்கள் போதும். ஆணையங்களின் காலியிடங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2021-இல் தாமாகவே வழக்கு எடுக்க நேர்ந்ததையும் மறப்பதற்கில்லை. நீதி வழங்க ஆளில்லாத இடத்தில் எந்தத் திருத்தமும் பலன் தராது.

அதுவரை, ரசீதைக் கேட்டு வாங்குவதும், சேவை மையத்தின் பதிலை எழுத்தில் பெறுவதும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதும், 2 ஆண்டு கால வரம்புக்குள் ஆணையத்தை அணுகுவதுமே வாங்குபவரின் கையில் உள்ளவை.

விலை குறைந்த கைப்பேசிக்கும், விலை உயர்ந்த கைப்பேசிக்கும் சரக்கு-சேவை வரி ஒன்றே: 18 சதவீதம். வரி வாங்குவதில் காட்டாத பாகுபாடு, பாதுகாப்பு அளிப்பதில் மட்டும் ஏன் என்று நாடாளுமன்றத்தில் யாரேனும் கேட்க வேண்டும்.