பிளஸ் ஒன்னில் ஒரு கல்லூரிப் பாடம்

பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நேரே கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. அம்மையார்குப்பம் போன்ற நெசவாளர் ஊர்களுக்கு அது பெரிய நன்மை. கல்லூரி இருக்கும் ஊரைத் தேடிப் போகாமலே மேல்நிலைக் கல்வி கிடைத்தது. ஆனால் பதினாறு வயதிலேயே கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அதை மீட்க இப்போது நல்ல தருணம்.

காரணம், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருப்பதுதான். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததாலும், அப்படித் தேறிய பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் திணறியதாலும் 2017-18-ல் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது சரிதான். ஆனால் கிடைத்த இடத்தை நாம் நிரப்பாவிட்டால் நீட் பயிற்சியும் பிளஸ் டூ மனப்பாடமும் நிரப்பிவிடும். அந்த ஆண்டில் ஒரே ஒரு கல்லூரித் தாளைப் பள்ளி நேரத்திலேயே கற்பித்து, அதில் பெறும் கல்விப் புள்ளியை (கிரெடிட்) பின்னாளில் சேரும் பட்டப்படிப்பில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்குத்தான் இணைய வகுப்புகள் இருக்கின்றனவே என்பார்கள். சென்னை ஐஐடி பள்ளி மாணவர்களுக்குத் தரவு அறிவியல் சான்றிதழ் வகுப்புகள் நடத்துகிறது. 2020-ல் தொடங்கிய அதன் இணையவழிப் பட்டப்படிப்புக்கான தகுதிச் சுற்றைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதலாம். மனமாரப் பாராட்டத்தக்க முயற்சிகள் இவை. ஆனால் அம்மையார்குப்பத்தில் பல வீடுகளில் விசைத்தறி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை தார் சுற்றிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த இரைச்சலில் கைப்பேசியில் ஓடும் விரிவுரை காதில் விழுவதே கடினம். சந்தேகம் கேட்க எதிரில் ஆளும் இல்லை. அருகிலுள்ள திருத்தணி அரசு கலைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை பள்ளிக்கு வந்து புள்ளியியல் நடத்தினால் நிலைமை வேறு. பாவுக்கு எத்தனை சேலை, சேலைக்கு எவ்வளவு கூலி, மாதத்துக்கு மாதம் அது எப்படி ஏறி இறங்குகிறது என்று வீட்டுக் கணக்கையே எடுத்து வைத்துப் பாடம் தொடங்கலாம்.

படிக்கிற பிள்ளைகளும் வசதியுள்ள பள்ளிகளுமே இதில் முந்திக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. 1950-களிலிருந்து இவ்வகைப் பாடங்களை நடத்திவரும் அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அவை குறைவாகவே எட்டின. அதனால்தான் இங்கே அரசுப் பள்ளிகளிலிருந்து, கட்டணமில்லாமல் தொடங்கச் சொல்கிறேன். தோற்றால் மதிப்பெண் பட்டியலில் ஏறக் கூடாது. பொறியியல் கட்-ஆஃப் கணக்கிலும் சேரக் கூடாது. ஆசிரியருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது: அரசுக் கல்லூரிகளில் குறைந்த ஊதியத்தில் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வகுப்புகளைத் தனி ஊதியத்தோடு கொடுக்கலாம். கல்விப் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் தேசிய ஏற்பாடு 2021 முதலே இருக்கிறது. பள்ளியில் பெற்ற புள்ளியை ஏற்போம் என்று நம் பல்கலைக்கழகங்கள் எழுத்தில் கொடுப்பதுதான் பாக்கி. அதை வரும் கல்வியாண்டுக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியது உயர்கல்வித் துறை.