இக்மான் மலைப் பாதை

 

நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் போஸ்னியா முஸ்லிம்களுக்காக துஆ கேட்கப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது. அந்நாட்டின் தலைநகர் ஸரயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்தது. அந்நகருக்குத் தென்மேற்கே, 1,502 மீட்டர் உயரமுள்ள இக்மான் மலையைக் கடக்கும் காட்டுப் பாதையைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன்.

1984-இல் ஸரயேவோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, பனிச்சறுக்கு நடைப் போட்டிகள் இம்மலையில்தான் நடைபெற்றன. சரிவில் பாய்ந்து இறங்கும் விளையாட்டன்று இது. ஒடுங்கிய நீண்ட பலகைகளில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் பிணைத்துக்கொண்டு, இரு கைகளிலும் கோலூன்றி, மேடு பள்ளம் கடந்து பல கிலோமீட்டர் செல்ல வேண்டும். பின்லாந்துப் பெண்மணி மார்யா லீசா ஹமலைனன் இங்கே தனிநபர் போட்டிகள் மூன்றிலும் தங்கம் வென்றார். அவற்றுள் ஒன்று 20 கிலோமீட்டர்!

ஒன்பதே ஆண்டுகள் சென்றன. 1993-இல் ஸரயேவோ மக்கள் விமான நிலையத்தின் அடியில் சுமார் 800 மீட்டர் நீளச் சுரங்கம் தோண்டினார்கள். மறுமுனையில் வெளிவந்தோர்க்கு இக்மானைத் தவிர வேறு வழியில்லை. மாவும் மருந்தும் அம்மலை தாண்டியே வந்தன. அதுவும் இருளில், விளக்கணைத்த வண்டிகளில், குண்டுகளுக்கிடையே. அவ்வழியிலேயே மாண்டோர் பலர். 1995 ஆகஸ்டில் சமாதானம் பேச வந்த அமெரிக்கத் தூதுக்குழுவினர் மூவர் வண்டி உருண்டு இறந்ததும் இப்பாதையில்தான்.

இப்போது பனிக்காலத்தில் மீண்டும் சறுக்கு நடை; கோடையில் மலை நடை. மத்ரஸாவில் தோலுறை மீது மஸஹ் செய்யும் சட்டத்தை நடத்தும்போது நம்மூர் வெயிலில் மாணவர்கள் சிரிப்பார்கள். பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு என்ற அச்சலுகையின் அருமை, ஊசியிலை மரங்களில் பனி உறைந்து நிற்கும் அம்மலையில் ஒளூச் செய்பவருக்கன்றோ தெரியும்! போஸ்னியர்களும் ஹனஃபி மத்ஹபினரே.

அங்கு நடப்போர் இரு அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும். மரத்திலும் பாறையிலும் சிவப்பு வளையத்தினுள் வெண்புள்ளி தீட்டியிருந்தால் அது நடைபாதை. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அங்கே போர்க்காலக் கண்ணிவெடி இருக்கலாம். போர் முடிந்து ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்நாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணி மட்டும் இன்னும் முடியவில்லை.