கையெழுத்து சரி, ஆள் சரியா?

ஒரு வலைப்பக்கம் கம்ப்யூட்டரையே அணைத்துவிட முடியுமா? விண்டோஸ் 95ல் முடியும் என்று 1996ல் காட்டினார் ஃப்ரெட் மெக்லெய்ன் என்ற அமெரிக்க புரோகிராமர். அவருடைய குட்டி புரோகிராமில் வெரிசைன் நிறுவனத்தின் சான்றிதழோடு முறையான டிஜிட்டல் கையெழுத்தும் இருந்தது. சான்றிதழ் பின்னர் ரத்தானது. ஆனால் விஷயம் அம்பலம் ஏறிவிட்டது.

டிஜிட்டல் கையெழுத்து இரண்டுக்குத்தான் உத்தரவாதம்: அனுப்பியவர் யார், வழியில் யாரும் கைவைக்கவில்லையா. அனுப்பியவரின் எண்ணத்துக்கு அது பொறுப்பேற்காது. பத்திரத்தில் கையெழுத்து அசல் என்பதாலேயே நிலத்தில் வில்லங்கம் இல்லை என்றாகிவிடுமா?

ஜாவா இதற்கு ஒரு வழி கண்டது. 1995ல் இணையத்திலிருந்து இறங்கிய ஜாவா ஆப்லெட் கூண்டுக்குள்தான் ஓடியது. ஹார்டு டிஸ்க்கைத் தொட முடியாது. 1997ல், நம்பகமானவர் கையெழுத்திட்டிருந்தால் கூண்டு முழுசாகத் திறந்தது. 1998 டிசம்பரில் வந்த ஜாவா 2, பாதுகாப்பு விதிகளை ஒரு கோப்பில் எழுத வைத்தது: இன்னார் கையெழுத்திட்ட புரோகிராம் இந்த ஃபோல்டரைப் படிக்கலாம், அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசலாம்.

அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியவர்கள் சொற்பம். எச்சரிக்கைப் பெட்டி வந்தால் 'சரி'யை அழுத்துவதே வழக்கமாயிற்று. 2014 ஜனவரியில் ஜாவா கெடுபிடியைக் கூட்டியபோது, ஆன்லைனில் டெண்டர் போட வந்த இந்திய ஒப்பந்தக்காரர்கள் தளத்தின் முகவரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கக் கற்றுக்கொண்டார்கள். வேலை நடக்க வேண்டுமே!

சான்றிதழே களவு போனால்? 2010ல் ஈரானின் அணு நிலையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட், தைவானின் இரண்டு நிறுவனங்களிடமிருந்து திருடிய சாவிகளால் கையெழுத்திடப்பட்டிருந்தது. சான்றிதழ் தருபவரே சறுக்கினால்? 2014 ஜூலையில் கூகுள் தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை வெளியானது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்திலிருந்து. உடனே அந்த மையத்தின் சான்றளிக்கும் உரிமை ரத்தானது.

கூண்டையும் விதிகளையும் காத்துவந்த ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜருக்கு 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 நிரந்தரமாக விடை கொடுத்துவிட்டது. பயன்படுத்தியவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் அந்த யோசனை சாகவில்லை. ஆண்ட்ராய்டு போனில் கையெழுத்தில்லாத ஆப் ஏறாது. ஏறிய ஆப்பும் தன் கூண்டுக்குள்தான் ஓடும். கேமரா வேண்டும், தொடர்பு எண்கள் வேண்டும் என்று அது கேட்கும்போது, அன்று யாரும் எழுதாமல் விட்ட விதிகளை இன்று எழுதுகிறவர் போனின் சொந்தக்காரர். டார்ச் லைட் ஆப்புக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று அவர் ஒரு கணம் யோசித்தால் போதும்.