கரிசல் காட்டிலே பிறந்த சட்டம்

சட்டம் பிறப்பது கோட்டையிலே என்கிறார்கள். கரிசல் காட்டிலே பிறந்த சட்டமும் ஒன்று உண்டு, தோழர்களே!

1928. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம். பெரியார் தலைமையில் ஒரு திருமணம். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. ஏளனம் செய்தனர் வைதிகர்.

பந்தல் பரவிற்று, ஊர் ஊராக! நெசவாளி வீட்டு மணவிழா மாநாடாயிற்று. மாலை மாற்ற ஐந்து நிமிடம். சொற்பொழிவோ மூன்று மணி நேரம்! (பந்திக்குக் காத்திருந்தவர்கள் பொறுமைசாலிகள்.)

1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று: இத்தகைய திருமணம் செல்லாது! மணந்தவள் மனைவியல்லளாம்! அஞ்சி நின்றனரா நம்மவர்? அடுத்த முகூர்த்தத்திற்கும் பந்தல் போட்டனர். வீட்டுச் சொத்தையும் பிள்ளையின் வாரிசுரிமையையும் பணயம் வைத்த ஏழைகள் அவர்கள்.

1967-இல் அண்ணா முதலமைச்சரானார், சட்டம் வந்தது. 1968 ஜனவரி 20 முதல் நடைமுறை. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணியலாம், அல்லது தாலி கட்டலாம். முன்பு நடந்தவையும் செல்லும்! 40 ஆண்டு காத்திருந்த மூதாட்டியும் சட்டப்படி மனைவியானாள்.

ஆனால், சாதி மறுத்து மணந்தவனை இன்றும் வெட்டுகிறார்களே! ஆணவக் கொலைக்கெனச் சட்டம் இயற்றுக என்று உச்சநீதிமன்றம் 2018-இல் பரிந்துரைத்தது. அச்சட்டத்தில் என்ன வேண்டும்? மாவட்டந்தோறும் புகலிடமா? கைவிட்ட காவலருக்குத் தண்டனையா? விசைத்தறிக் கூடத்திலே, தேநீர்க் கடையிலே, கிளைதோறும் பேசி எழுதுவோம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் தனித்தனிச் சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. எக்கட்சி உறுப்பினராயினும் சரி, கையெழுத்துக் கட்டோடு அவர் வாசலிலே நிற்போம். முதல் கையெழுத்து சுக்கிலநத்தத்தில்!