விதைநெல்லைச் சமைக்கலாமா?

பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பது உழவர் வீடுகளில் வழிவழியாக வந்த அறிவுரை. இன்று பசியாறிவிட்டால் நாளை விதைக்க ஒன்றும் இருக்காது. இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், விதைநெல்லையும் சமைத்துத்தான் ஆக வேண்டிய நாள் ஒன்று உண்டா என்ற கேள்வியை வட அமெரிக்கப் பனி ஹாக்கி ஆண்டுதோறும் எழுப்பி வருகிறது. உண்டு என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது புக்கிட் ஜாலில் அரங்கமும் ஈப்போவில் நடைபெறும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டியும்தான். நான் சொல்ல வந்தது வேறு ஹாக்கி. உறைபனித் தளத்தில், சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் ரப்பர் வில்லையை விரட்டி ஆடும் ஆட்டம் அது. நமக்கு அது முற்றிலும் அந்நியமானது என்றும் சொல்லிவிட முடியாது. 2017-ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில்தான் பனி ஹாக்கி முதன்முதலாக அப்போட்டியில் இடம்பெற்றது. அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டங்கள் நமக்குக் காலை வேளையில் வருகின்றன. வகுப்புக்குப் புறப்படுமுன் பார்த்துவிடலாம்.

என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளையும் சேர்ந்த 32 குழுக்கள் உள்ளன. ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும். அவற்றுள் 16 குழுக்கள் ‘பிளே ஆஃப்’ என்ற வெளியேற்றச் சுற்றுக்குத் தகுதி பெறும். ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டும். இப்படி நான்கு சுற்றுகளைத் தாண்டினால்தான் ஸ்டான்லி கிண்ணம் கைக்கு வரும்.

பிளே ஆஃப் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ, ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளும் கடைசி நாள் வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் பிற்பகல் 3 மணிக்குக் கதவு அடைபடும். இங்கிலாந்துக் காற்பந்தின் ஜனவரி மாதச் சந்தையைப் பின்தொடரும் நண்பர்களுக்கு இது புதிதன்று. ஆனால், பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. காற்பந்தில் பணத்தைக் கொட்டி ஆட்டக்காரரை வாங்கலாம். இங்கே அது நடவாது. 2005 முதல் எல்லாக் குழுக்களுக்கும் சம்பள உச்சவரம்பு நடப்பில் உள்ளது. ஓர் ஆட்டக்காரர் வேண்டுமானால் வேறு ஆட்டக்காரரையோ, இளைஞர் தேர்வில் தனக்குள்ள உரிமையையோ கொடுத்தாக வேண்டும்.

இந்தத் தேர்வு உரிமைதான் விதைநெல். ஆண்டுதோறும் 18 வயதை எட்டும் இளம் ஆட்டக்காரர்களைக் குழுக்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முதற்சுற்று உரிமை ஒன்றைக் கைவிடுவது, நாலைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய ஒரு நட்சத்திரத்தைக் கைவிடுவதாகும். அதற்கு ஈடாகக் கிடைப்பவரோ பெரும்பாலும் அந்தக் கோடையிலேயே ஒப்பந்தம் முடிபவர். மூன்று மாத விருந்தாளி. அமெரிக்கர்கள் அவரை வாடகை ஆட்டக்காரர் என்றே சொல்கிறார்கள்.

விதைநெல்லைச் சமைத்துக் கெட்டவர்களின் பட்டியல் நீளமானது. 2013-இல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் குழு பிலிப் ஃபோர்ஸ்பெர்க் என்ற 18 வயது சுவீடன் இளைஞரை நேஷ்வில் குழுவுக்குக் கொடுத்து, மார்ட்டின் எராட் என்ற அனுபவசாலியை வாங்கியது. அவ்வாண்டு வாஷிங்டன் முதற்சுற்றிலேயே தோற்றது. எராட் ஓராண்டு கழிவதற்குள் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஃபோர்ஸ்பெர்க் நேஷ்வில் குழுவின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவராக உயர்ந்தார். 2014-இல் செயிண்ட் லூயிஸ் புளூஸ், கோல் காவலர் ரயன் மில்லரை வாங்கிவிட்டால் கிண்ணம் உறுதி என்று நம்பியது. முதற்சுற்றில் சிகாகோவிடம் முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற பிறகு, அடுத்த நான்கையும் இழந்தது. 2023-இல் பாஸ்டன் புருயின்ஸ் பருவத்தில் 65 வெற்றிகளைக் குவித்து லீக் சாதனை படைத்தது. அத்துடன் நில்லாமல் கெடு நெருங்கிய வேளையில் ஓர்லொவ், ஹாதவே, பெர்டூசி ஆகிய மூவரையும் சேர்த்துக்கொண்டது. முதற்சுற்றில் புளோரிடாவுக்கு எதிராக 3-1 என முன்னணியில் இருந்தும் தோற்று வெளியேறியது.

வென்றவர்களும் இருக்கிறார்கள். 1980 மார்ச்சில் நியூயார்க் ஐலண்டர்ஸ் குழு இருவரைக் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பட்ச் கோரிங்கை வாங்கியது. அந்த ஆண்டு தொடங்கி வரிசையாக நான்கு ஆண்டுகள் கிண்ணம் அவர்களுடையது. 2014-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் வாங்கிய மரியான் கபோரிக், பிளே ஆஃப் சுற்றுகளில் 14 கோல்கள் அடித்துக் கிண்ணத்துக்கு வழிவகுத்தார். 2025-இல் புளோரிடா பேந்தர்ஸ், பாஸ்டனின் தலைவராக இருந்த பிராட் மார்ஷான்டைக் கடைசி நாளில் வாங்கியது. இறுதிச் சுற்றில் மட்டும் அவர் 6 கோல்கள் அடித்தார். கிண்ணம் மீண்டும் புளோரிடாவுக்கே சென்றது.

இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இறுதி முடிவை வைத்துக்கொண்டு அந்த முடிவெடுத்தவரை எடைபோட முடியாது. ஏழு ஆட்டத் தொடர் என்பது மிகவும் குறுகியது. எதிரணியின் கோல் காவலர் ஒருவர் பத்து நாள் அசாத்தியமாக ஆடினால் போதும், பருவம் முழுவதும் உழைத்த உழைப்பு வீணாகும். ஒரு முழங்கால் காயம் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். எந்தப் பெரிய பந்தயமும் கட்டாமல் 2019-இல் கிண்ணம் வென்றது அதே செயிண்ட் லூயிஸ்தான். அவ்வாண்டு ஜனவரித் தொடக்கத்தில் அக்குழு லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது! ஆகவே, வென்றதா தோற்றதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த நாளில் அந்தக் குழுவுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்பதே நியாயம்.

இங்கேதான் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் குழுவின் கதை நமக்கு உதவுகிறது. ஒஹாயோ மாநிலத் தலைநகரைச் சேர்ந்த இக்குழு 2000-ஆம் ஆண்டில் லீக்கில் சேர்ந்தது. 2018 வரை நான்கு முறை பிளே ஆஃப் சுற்றை எட்டியும் ஒரு தொடரைக்கூட அது வென்றதில்லை. 2018-இல் வாஷிங்டனுக்கு எதிராக 2-0 என்று முன்னேறியபின் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து இழந்தது. அந்த வாஷிங்டன்தான் அவ்வாண்டுக் கிண்ணத்தையும் வென்றது. கொலம்பஸ் ரசிகர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த பருவத்தில் இன்னொரு சிக்கல். குழுவின் மிகச் சிறந்த இருவரான முன்கள ஆட்டக்காரர் பனாரின், கோல் காவலர் பொப்ரோவ்ஸ்கி ஆகியோரின் ஒப்பந்தங்கள் 2019 கோடையில் முடியவிருந்தன. இருவரும் புதுப்பிக்கப் பிடிகொடுக்கவில்லை. விவேகமான மேலாளர் என்ன செய்வார்? இருவரையும் கெடுவுக்குள் விற்று, தேர்வு உரிமைகளை வாங்கிக் களஞ்சியத்தை நிரப்புவார். மேலாளர் யார்மோ கெக்கலைனன் நேர்மாறாகச் செய்தார். இருவரையும் வைத்துக்கொண்டார். போதாததற்கு, தம் முதற்சுற்று உரிமையையும் இளம் ஆட்டக்காரர்களையும் கொடுத்து, ஒட்டாவாவிலிருந்து மாட் டுஷேன், ரயன் டிசிங்கல் ஆகிய இருவரையும் வாங்கினார். அவர்களின் ஒப்பந்தங்களும் அதே கோடையில் முடிபவையே. பானையில் இருந்ததையெல்லாம் ஒரே நாளில் உலையில் போட்டுவிட்டார் என்று பலர் ஏளனம் செய்தனர்.

பருவத்தின் கடைசிக்கு முந்திய ஆட்டத்தில்தான் கொலம்பஸுக்குத் தகுதி கிடைத்தது. முதற்சுற்றில் எதிரே நின்றது தம்பா பே லைட்னிங். 62 வெற்றிகளுடன் அன்றைய லீக் சாதனையைச் சமன் செய்திருந்த குழு அது. முதல் ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே தம்பா 3-0 என்று முன்னேறியது. அந்த ஆட்டத்தைக் கொலம்பஸ் 4-3 என்று வென்றது. பிறகு 5-1, 3-1, 7-3. நான்கே ஆட்டங்களில் லீக்கின் முதல்நிலைக் குழு வீட்டுக்குப் போனது. டுஷேன் அவ்வாண்டு 10 பிளே ஆஃப் ஆட்டங்களில் 10 புள்ளிகள் எடுத்தார். அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் 4-2 என்ற கணக்கில் கொலம்பஸ் தோற்றது. ஜூலையில் நால்வரும் போய்விட்டனர். பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு, பொப்ரோவ்ஸ்கி புளோரிடாவுக்கு, டுஷேன் நேஷ்வில்லுக்கு, டிசிங்கல் கரோலினாவுக்கு.

கிண்ணமும் இல்லை, ஆட்டக்காரர்களும் இல்லை, விதைநெல்லும் இல்லை. 2021 முதல் 2025 வரை ஐந்து பருவங்கள் கொலம்பஸ் பிளே ஆஃப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அப்படியானால் கெக்கலைனன் செய்தது தவறுதானே என்று கேட்பீர்கள். இல்லை என்பதே என் வாதம்.

முதலாவதாக, பாதுகாப்பான வழி என்று நாம் சொல்வதும் ஒரு பந்தயம்தான். சேமித்து வைத்த விதையும் புழுத்துப்போகும். முதற்சுற்றில் தேர்வாகும் இளைஞர் எல்லாரும் நட்சத்திரமாவதில்லை. சிலர் லீக்கில் நிலைப்பதே இல்லை. 2025 ஜனவரியில் கொலராடோ குழு செய்ததைப் பாருங்கள். ஒப்பந்தம் முடியவிருந்த மிக்கோ ரண்டனென் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சி, விவேகமாக அவரைக் கரோலினாவுக்கு விற்றது. மார்ச் மாதக் கெடு நாளில் கரோலினா அவரை டல்லாஸுக்குக் கைமாற்றியது. முதற்சுற்றில் டல்லாஸும் கொலராடோவும் மோதின. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் கொலராடோ 2-0 என்று முன்னணியில் இருந்தபோது, ரண்டனென் மூன்று கோல்கள் அடித்துத் தம் பழைய குழுவை வெளியேற்றினார். அஞ்சி எடுத்த முடிவுக்கும் விலை உண்டு.

இரண்டாவதாக, விதைநெல்லை மீண்டும் சேர்க்க முடியும். கொலம்பஸ் 2021-இல் தன் ஆட்டக்காரர்களை விற்றுப் பெற்ற உரிமைகளையும் கொண்டு முதற்சுற்றில் மூன்று இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. உரிமைகள் ஆண்டுதோறும் பிறக்கின்றன. பனாரினும் பொப்ரோவ்ஸ்கியும் ஒரே குழுவில் உச்சத்தில் ஆடும் ஆண்டு மீண்டும் வருமா? அது கொலம்பஸுக்கு வாய்த்த ஒரே வசந்தம்.

மூன்றாவது காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். குழு என்பது மேலாளரின் சொத்துக் கணக்கு மட்டுமன்று. 18 பருவங்களாகச் சீட்டு வாங்கி அரங்கத்தை நிரப்பியவர்களுக்கு ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று இன்னும் எத்தனை முறை சொல்வது? என்றோ ஒருநாள் வரப்போகும் அறுவடைக்காக இன்று ஒரு தலைமுறையே பட்டினி கிடந்தால், விதைநெல் எதற்கு?

இதனால், எல்லாரும் எப்போதும் துணிந்து இறங்கலாம் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் 2013-இல் ஒரு சிறு ஓட்டையை அடைக்க நீண்ட எதிர்காலத்தைக் கொடுத்தது. அது வீண் செலவு. எப்படித் துணிவது என்பதைக் கற்றுக்கொண்டது கொலம்பஸிடம் தோற்ற தம்பாதான். நட்சத்திரங்கள் நிறைந்த அக்குழு 2020 பிப்ரவரியில் தன்னிடமிருந்த முதற்சுற்று உரிமைகள் இரண்டைக் கொடுத்து, பிளேக் கோல்மன், பார்க்ளே குட்ரோ என்ற இரு கடும் உழைப்பாளிகளை வாங்கியது. அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. ஆனால், இருவர் சம்பளமும் குறைவு, ஒப்பந்தமோ இன்னும் ஓராண்டு மீதி. உச்சவரம்பை முட்டிக்கொண்டு நின்ற குழுவுக்கு அதுவே தேவை. 2020, 2021 ஆகிய ஈராண்டும் கிண்ணம் தம்பாவுக்கே. தன் குறை எதுவென்று அறிந்து, அதற்கு மட்டும் விலை கொடுப்பவனின் துணிவு வீணாவது அரிது.

மாணவர்களாகிய நமக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. தேர்வு முடியட்டும், பட்டம் கிடைக்கட்டும், வேலை நிரந்தரமாகட்டும் என்று விரும்பியவற்றையெல்லாம் தள்ளிவைத்தே பழகிவிட்டோம். சேமிப்பு நல்லது. அதைவிட, எதற்காகச் சேமிக்கிறோம் என்பதை மறவாதிருப்பது நல்லது.

2019 ஏப்ரல் 16 அன்று, கொலம்பஸ் தன் சொந்த அரங்கில் தம்பாவை 7-3 என்று வென்று, வரலாற்றில் முதன்முறையாக ஒரு பிளே ஆஃப் தொடரைக் கைப்பற்றியது. அன்று அந்த அரங்கில் எழுந்து நின்று ஆரவாரித்தவர்களிடம், ‘இதற்காக ஒரு முதற்சுற்று உரிமை போய்விட்டதே’ என்று யாராவது வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால், அவர்கள் சிரித்திருப்பார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.