லாச்சிக்குள் கிடந்த கடிதம்

இம்முறை எழுதப்போவது கொஞ்சம் வெட்கமான விடயம். என்னுடைய சொந்தக் கதை. "இதையெல்லாம் ஏனப்பா ஊருக்குச் சொல்லுறீங்கள்?" என்று மனைவி கேட்டாள். புதிதாக வந்த ஒரு குடும்பமாவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரிலே கோடு, வழக்கு என்றால் எங்களுக்குத் தெரிந்தது வேலிச் சண்டையும் காணிச் சண்டையும்தான். கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக அப்புக்காத்துமாருக்குக் காசு கட்டியே காணியை விற்ற கதைகளை அப்பப்பா சொல்லுவார். வழக்குப் பேச அப்புக்காத்து, எழுத்து வேலைக்குப் பிரக்கிராசி என்று இருந்த இரண்டு பிரிவும் 1974இல் ஒன்றாகி, சட்டத்தரணி என்ற ஒரே பெயர் வந்துவிட்டது. ஆனாலும் அப்பப்பாவுக்குக் கடைசிவரை அவர் அப்புக்காத்துதான். "அந்தப் படியை மிதிச்சால் வீடு விளங்காது" என்பார். அந்தப் பயத்தை நானும் பெட்டியோடு சேர்த்து கனடாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதன் ஒருவன் கார் வாங்கக் கடன் எடுத்தான். பிணைக்கு ஒரு கையெழுத்துக் கேட்டான். வாசித்துப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் அவனுக்கு வேலை போனது. காரைக் கடன்காரர் இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் அல்பேர்ட்டா பக்கம் போய்விட்டான்.

பிறகு என் பெயருக்கு ஒரு தடித்த கடிதம் வந்தது. சிறு வழக்கு நீதிமன்றத்திலிருந்து என்பது மட்டும் விளங்கியது. இரவு வேலை முடிந்து வந்த களைப்பில் லாச்சிக்குள் போட்டேன். கடன் எடுத்தவன் அவன், எனக்கென்ன என்று நினைத்தேன். ஒன்ராறியோவில் அப்படிக் கடிதம் கிடைத்தால் 20 நாளுக்குள் எங்கள் பக்கத்து மறுமொழியை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எங்களைக் கேளாமலே தீர்ப்பு எழுதலாம். எனக்கு அதுதான் நடந்தது.

ஒருநாள் மேற்பார்வையாளர் மெசினை நிற்பாட்டச் சொல்லி என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். என் சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி நீதிமன்றக் கட்டளை வந்திருக்கிறது என்றார். கழிவுகள் போக மிஞ்சும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தக் கடன் 14,200 டொலர். அன்று நான் பக்கத்தில் நின்றவனின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் மனைவிக்குச் சொல்லவில்லை.

ஒன்ராறியோ சட்டச் சங்கத்துக்கு ஒரு சேவை இருக்கிறது. விண்ணப்பித்தால் ஒரு சட்டத்தரணியின் பெயரைத் தருவார்கள். அவருடன் முதல் அரை மணித்தியாலம் வரை இலவசமாகப் பேசலாம். மச்சாளின் மகள் மொழிபெயர்க்க வந்தாள். எங்களுக்கு வாய்த்தவர் முப்பது வருடம் சிவில் வழக்குகளே பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மா. கறுப்பு அங்கியும் உரத்த குரலுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு, மூக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு தாளாகத் திருப்பிய அவரைப் பார்க்க எங்கள் ஊர்த் தபாற்கந்தோர் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

அவர் கேட்டவை மூன்றே கேள்விகள். "கடிதம் எந்தத் தேதியில் கிடைத்தது?" "கையெழுத்து உங்களுடையதுதானா?" "காரை எடுத்தவர்கள் அதை என்ன விலைக்கு விற்றார்கள்?" மூன்றாவது கேள்வி என் மூளைக்கு எட்டவே இல்லை. விற்ற காசைக் கடனில் கழித்தார்களா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். கழிக்கவில்லை என்று தெரிந்தது.

"அப்ப திரும்ப வழக்காடுவமோ?" என்று நான் துள்ளினேன். அவர் தலையை ஆட்டினார். ஆள் இல்லாமல் எழுதிய தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். அதற்குத் தகுந்த எதிர்வாதம் வேண்டும், மறுமொழி கொடுக்காததற்கு நியாயமான காரணம் வேண்டும், அறிந்தவுடன் ஓடிவந்திருக்கவும் வேண்டும். "லாச்சி ஒரு காரணம் இல்லை. உங்கள் கையெழுத்தையும் நான் அழிக்க முடியாது. வழக்காடுகிற காசைக் கடனில் கட்டுங்கள்" என்றார். கடைசியில் 9,000 டொலருக்குப் பேசி முடித்தார். மாதம் 300 டொலர், முப்பது மாதம். சம்பளத்தில் பிடிப்பதும் நின்றது.

தன் வேலையைப் பற்றியும் சொன்னார். முப்பது வருடத்தில் தான் நீதிபதி முன் நின்று பேசிய நேரத்தைவிடக் கடுதாசி வாசித்த நேரம்தான் கனக்க என்றார். வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கு முன்னமே பேசித் தீர்ந்துவிடுகின்றன. சிறு வழக்கு நீதிமன்றத்தில், எதிர்த்து மறுமொழி கொடுத்த ஒவ்வொரு வழக்குக்கும் விசாரணைக்கு முன் சமரசக் கூட்டம் உண்டு. தோற்றவர் வென்றவரின் செலவிலும் ஒரு பங்கு கட்ட வேண்டி வரலாம். ஆகவே வெல்லுகிற வழக்கையும் எண்ணித்தான் தொடங்க வேண்டும் என்றார்.

இதைக் கேட்டபோது காந்தியடிகளின் நினைவு வந்தது. அவர் 1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போனதே ஒரு சிவில் வழக்குக்காகத்தான். தாதா அப்துல்லா என்ற வியாபாரி தன் உறவினரான தையப் சேட்டிடம் 40,000 பவுண் கேட்ட வழக்கு. இருவரையும் ஒரு நடுவர் முன் போக இணங்க வைத்தார் காந்தி. தாதா அப்துல்லா வென்றார். 37,000 பவுணையும் செலவையும் ஒரேயடியாகக் கட்டினால் தோற்றவர் முறிந்துபோவார் என்று கண்டு, தன் கட்சிக்காரரிடமே மன்றாடி நீண்ட தவணை வாங்கிக் கொடுத்தார். சத்திய சோதனையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

புதிதாக வந்தவர்கள் இவற்றை மனதில் வையுங்கள். ஒன்ராறியோவில் சிவில் வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம்தான் தவணை. மாநகர நடைபாதைப் பனியில் விழுந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியார் வளவில் என்றால் 60 நாள். 2025 ஒக்டோபர் முதல் 50,000 டொலர் வரையான வழக்குகளைச் சிறு வழக்கு நீதிமன்றமே கேட்கிறது. அங்கே சட்டத்தரணிதான் வேண்டும் என்றில்லை. அனுமதி பெற்ற பாராலீகலும் பேசலாம், நாங்களே நின்றும் பேசலாம். சீட்டுக் காசோ கைமாற்றோ, எதற்கும் ஒரு துண்டுக் கடுதாசியாவது எழுதி வையுங்கள்.

புறப்படும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார். "நீங்கள் கட்டும் காசை உங்கள் சிநேகிதனிடம் கேட்டு வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. போடப் போகிறீர்களா?" அவன் தாய் எனக்குப் போட்ட சோறு கண்ணுக்குள் வந்தது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து வழக்குப் போடவில்லை, கடிதம் ஒன்று போட்டேன். நான்கு மாதம் மறுமொழி இல்லை. ஐந்தாம் மாதம் 100 டொலருக்கு ஒரு காசோலை வந்தது. இப்போதும் மாதாமாதம் வருகிறது.

அவன் என் கடிதத்தை லாச்சிக்குள் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.