முகமும் ஓர் அமானிதமே

தமிழ்த்துறை மலரில் பல் மருத்துவமா என வினவுவோர் இருக்கலாம். முகத்தைப் பாடாத இலக்கியம் ஏது என்பதே நம் விடை.

பல்வரிசையைச் சீர்செய்ய வருவோரை மருத்துவர் முதலில் நிழற்படம் எடுக்கிறார். பற்களின் வடிவைப் பிளாஸ்டர் அச்சு காட்டும். எலும்பை எக்ஸ்ரே காட்டும். சிரிக்கையில் மேலுதடு எவ்வளவு உயர்கிறது, ஈறு எவ்வளவு தெரிகிறது, மோவாய் உள்வாங்கியுள்ளதா என்பவற்றை நிழற்படமே உரைக்கும். கடைவாய்ப்பற்களுக்கு முன்னுள்ள பற்களை அகற்றி இடம் உண்டாக்கலாமா, அகற்றினால் உதடு தட்டையாகிவிடுமா என்னும் முடிவுக்குப் பக்கத்தோற்றப் படம் இன்றியமையாதது. முகத்தை நேராக, புன்னகையுடன், பக்கவாட்டில் என மூன்றும், கன்னத்தை விலக்கியும் சிறு கண்ணாடி வைத்தும் வாயினுள் ஐந்தும் எடுப்பது பரவலான வழக்கம்.

இதில் கவனக்குறைவு பொய்யாகிவிடும். கைப்பேசியை மிக நெருக்கிப் பிடித்தால் மூக்கு பெருத்துத் தோன்றும். தலையைச் சற்றே நிமிர்த்தினால் உள்வாங்கிய மோவாய் மறைந்துபோகும். விளம்பரங்களில் வரும் 'முன்', 'பின்' படங்களைப் பாருங்கள்: முன்னது மங்கிய ஒளியில் வாடிய முகம், பின்னது பளிச்சென்ற ஒளியில் மலர்ந்த முகம். மாறியது பல்லா, விளக்கா?

முதல் உலகப் போரில் முகஞ்சிதைந்த வீரர்களுக்கு 1917 முதல் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்டு கில்லீஸ் அறுவை செய்தார். நிழற்படங்களோடு ஹென்றி டாங்க்ஸ் தீட்டிய வண்ணச் சித்திரங்களும் அப்பணிக்குத் துணைநின்றன. மருத்துவத்துக்கென எழுந்த அப்படங்களை இன்று இணையத்தில் எவரும் காணலாம். படம் எடுத்த நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஆதலின், நோயாளியின் முகம் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறோம். சிகிச்சைக்குத் தந்த இசைவு விளம்பரத்துக்குத் தந்த இசைவு ஆகாது. கண்களின்மேல் கறுப்புப் பட்டை இடுவதும் போதாது. மோவாய் மச்சம் ஒன்றைக் கொண்டே அண்டைவீட்டார் அடையாளம் கண்டுவிடுவர். இவ்வச்சத்தால் நம் இல்லத்துப் பெண்கள் படமே வேண்டாவென மறுத்தால், குறைபடுவது அவர்தம் சிகிச்சையன்றோ! வாயினுள் எடுக்கும் படங்களில் முகம் தெரிவதில்லை. முகப்படத்தைப் பெண் மருத்துவரே எடுக்கலாம். இவற்றை முன்கூட்டியே எடுத்துரைத்தால் பாதித் தயக்கம் அகலும்.

இசைவுப் படிவமோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நீட்டப்படுகிறது. படிக்க இயலாதவரும் ஒப்பமிடுகின்றனர். சிகிச்சைக்கு ஓர் ஒப்பம், வெளியிடுவதற்குத் தனியே வேறோர் ஒப்பம், இரண்டாவதை மறுப்பினும் சிகிச்சை குறையாது என்னும் உறுதி: இவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அப்பக்கத்தைத் தெளிந்த தமிழில் ஆக்கித் தருவது நம் துறை மாணவர்க்கு ஒரு மாலைப்பொழுதின் வேலையே.